இருபத்தொன்றாவது வீடு

"உங்க அப்பா என்ன வேலை பார்த்தாரு?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவள் இருபத்திரண்டு வருடம் வயிற்றைக் கழுவினாள். வருடத்துக்கு நானூறு வீடு என்று வைத்தாலும் எட்டாயிரத்துச் சொச்சம் அப்பாக்கள். முக்கால்வாசிப் பேர் செத்துப்போனவர்கள். பிள்ளைகள் அவர்களைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கட்டம் கட்டமாக எழுதி, கட்டுக் கட்டாகக் கட்டி, அலுவலகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். அவளுடைய அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்ட அன்றைக்குப் பிடித்தது சனி.

அலுவலகத்தின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அப்பா எந்தப் படியில் நின்றார், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, குடும்பம் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா, இல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று வீடு வீடாகக் கேட்டு அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்காகப் பச்சை அட்டை போட்ட ஒரு குறியீட்டு ஏடு இருந்தது. உலகத்தில் உள்ள அத்தனை வேலையையும் அது ஒன்பது படியாக அடுக்கி வைத்திருந்தது. முதல் படியில் தினக்கூலி. ஒன்பதாம் படியில் பெரிய டாக்டர்கள், நீதிபதிகள், அப்புறம் அந்த ஏட்டை எழுதிய புண்ணியவான்கள்.

தெருவில் அவளுக்குப் 'படிவ அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். தோளில் ஒரு துணிப்பை, கையில் கிளிப் போட்ட அட்டை, காதோரம் ஒரு பேனா. எந்தக் கதவையும் திறக்க வைத்துவிடுவாள். நாய் இருக்கிற வீடு, புருஷன் பெண்டாட்டி சண்டை நடக்கிற வீடு, கடன்காரன் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்கிற வீடு, எதுவாக இருந்தாலும் சரி. "ஒண்ணும் விக்க வரல, ஒண்ணும் வாங்கவும் வரல, கொஞ்சம் பேசத்தான் வந்தேன்" என்பாள். பேசுவதற்கு ஆள் கிடைக்காதவர்கள்தான் உலகத்தில் அதிகம். கதவு திறந்துவிடும்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் அவள்தான். முதல் நாளே ஒரு விதியை மண்டையில் ஏற்றிவிடுவாள்: சொன்னதை எழுது, திருத்தாதே. எதிரில் இருப்பவர் பொய் சொல்கிறார் என்று பச்சையாகத் தெரிந்தாலும் எழுது. நாம் போலீஸ்காரர்கள் இல்லை.

ஜனங்கள் பொய் சொல்லத்தான் செய்தார்கள். அதிலும் ஒரு ஒழுங்கு இருந்தது. தங்கள் வேலையை ஒரு முழம் ஏற்றிச் சொல்வார்கள். அப்பாவின் வேலையை ஒரு முழம் இறக்கிச் சொல்வார்கள். கடை வைத்திருந்த அப்பா தள்ளுவண்டிக்காரர் ஆவார். குமாஸ்தாவாக இருந்த அப்பா மூட்டை தூக்குவார். எவ்வளவு கீழேயிருந்து வந்திருக்கிறோம் என்று ஒரு ஆளிடமாவது சொல்லிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எல்லோருக்கும். செத்த அப்பன் எழுந்து வந்து "அடப்பாவி" என்று கேட்கப்போவதில்லை. அவள் முகத்தில் எதையும் காட்டாமல் எழுதிக்கொள்வாள். வெளியே வந்து தெருமுனை திரும்பிய பிறகுதான் சிரிப்பாள்.

அவளுடைய அப்பா குடிநீர் வாரியத்தில் பம்பு இயக்குபவர். நிரந்தர வேலை. பொத்தான் போட்ட காக்கிச் சட்டை, பம்பு அறையை ஒட்டி இரண்டு அறைகொண்ட வீடு, ஓய்வு பெற்ற பின் சாகிற வரைக்கும் மாதம் தவறாத ஓய்வூதியம். பம்பு ஓடினால் அடுப்படியில் தட்டு டம்ளரெல்லாம் கடகடவென்று ஆடும். அந்தச் சத்தத்தில்தான் அவள் பட்டப்படிப்பு வரை படித்தாள். "நீ மேஜைக்குப் பின்னால உக்காந்து வேலை பார்க்கணும்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். கடைசியில் அவளுக்குக் கிடைத்த வேலையில் மேஜையே இல்லை. நின்றுகொண்டு எழுதுகிற அட்டைதான் இருந்தது. பதினோரு மாதத்துக்கு ஒரு ஆணை. பன்னிரண்டாம் மாதம் வீட்டில் உட்கார வேண்டும். பிறகு புதிதாக இன்னொரு ஆணை. ஒவ்வொரு ஆணையிலும் கடைசி வரி ஒன்றுதான்: இந்தப் பணி நிரந்தரம் கோரும் எவ்வித உரிமையையும் அளிக்காது. இருபத்திரண்டு ஆணைகளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

கணவர் என்று ஒருவர் இருந்தார். கணக்கெடுப்பு விதிப்படி, வருடத்தில் ஆறு மாதம் ஒரே வீட்டில் தங்கி, ஒரே அடுப்பில் சாப்பிடாதவரைக் குடும்ப உறுப்பினராக எழுதக் கூடாது. அந்த விதி வருவதற்கு முன்பே அவர் அதைக் கடைப்பிடிக்க ஆரம்பித்துவிட்டார். வேறு ஊரில் வேறு அடுப்பு இருப்பதாகக் கேள்வி. மிச்சம் இருந்தது மகள் ஒருத்திதான்.

மகளுக்குப் பதினெட்டு வயது. பள்ளி முடித்து, எக்ஸ்ரே எடுக்கிற படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அரசாங்கக் கல்லூரி, இரண்டு வருடம், முடித்தவுடன் ஆஸ்பத்திரியில் வேலை. அதில் 'தேங்கிய வார்டு' பிள்ளைகளுக்கு என்று தனியாகப் பத்து இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு வார்டில் எடுத்த வீடுகளில் பாதிக்கு மேல் அப்பனைவிடப் பிள்ளை ஏறியிருந்தால் அது முன்னேறிய வார்டு. இல்லாவிட்டால் தேங்கிய வார்டு. அவர்கள் இருந்த ஒன்பதாம் வார்டு பட்டியல் போட ஆரம்பித்த நாளிலிருந்து தேங்கித்தான் கிடந்தது. மகளுடைய மதிப்பெண்ணுக்குத் தேங்கிய வார்டுக்கான இடத்தில் நிச்சயம் கிடைக்கும். பொதுப் போட்டியில் கிடைக்காது. எக்ஸ்ரே போல இருண்டு கிடந்த அந்த வாடகை வீட்டின் ஒற்றைப் படுக்கையறையில் மகள் எலும்புகளின் பெயர்களை இப்போதே மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

அந்த வருடக் கணக்கெடுப்பில் ஒன்பதாம் வார்டை அவளிடமே கொடுத்தார்கள். சொந்த வார்டைக் கொடுக்கக் கூடாதுதான். ஆனால் அந்த வார்டில் வேறு யாருக்கும் கதவு திறப்பதில்லை. முதல் கதவிலிருந்து எண்ணிக்கொண்டே போய், ஒவ்வொரு பதினோராவது கதவையும் தட்ட வேண்டும். நாற்பது வீடு. அவள் தெருவுக்குள் நுழைந்து எண்ணிக்கொண்டே வந்தாள். எட்டு, ஒன்பது, பத்து. பதினோராவது கதவில் அவளுடைய பூட்டே தொங்கியது.

திரும்பப் போய் எண்ணினாள். மறுபடியும் அதே பூட்டு. பக்கத்து வீட்டுக்குத் தாவினால் யாருக்கும் தெரியாது. ஆனால் கதவைத் தாண்டக் கூடாது என்று இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் அவள். நேர்மையாக அலுவலகத்தில் சொன்னாள். அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் வேறு மண்டலத்திலிருந்து ஒரு இளைஞனை அனுப்பினார்கள்.

அவன் ஒரு பிற்பகலில் வந்தான். மகள் வெளியே போயிருந்தாள். அவளை யாரென்று அவனுக்குத் தெரியாது. கையில் படிவம் இல்லை, டேப்லெட் வைத்திருந்தான். கால்செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, "உக்காரலாங்களா மேடம்?" என்று கேட்டான். அவளை வாழ்நாளில் யாரும் மேடம் என்று கூப்பிட்டதில்லை.

"உங்களுக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, உங்க அப்பா என்ன வேலை பார்த்துட்டிருந்தாரு மேடம்?"

எட்டாயிரம் பேரிடம் கேட்ட கேள்வி தன் மேல் வந்து விழும்போது அதன் எடை வேறாக இருந்தது. பச்சை ஏடு அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பம்பு இயக்குபவர், நிரந்தரம்: ஐந்தாம் படி. கணக்கெடுப்பாளர், தற்காலிகம்: மூன்றாம் படி. கடைசிக் கேள்வி முடிந்ததும் திரையின் மூலையில் ஒரு அம்புக்குறி வரும் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு அது கீழ்நோக்கி வரும். பட்டம் வாங்கிய மகள், பத்தாவது தாண்டாத அப்பாவுக்கு இரண்டு படி கீழே. இந்தப் பையன் அதைப் பார்ப்பான். பார்த்துவிட்டு, இவள் இதுவரை எத்தனையோ வீட்டில் செய்தது போல, முகத்தில் எதையும் காட்டாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவான். தெருமுனை திரும்பிய பிறகு என்ன செய்வானோ.

"கூலி வேலை" என்றாள். "தினக்கூலி. கிடைச்ச அன்னைக்கு வேலை, கிடைக்காத அன்னைக்கு இல்ல."

"நீங்க மேடம்?"

"கள மேற்பார்வையாளர். நிரந்தரம்."

அது ஆறாம் படி. மற்றவர்கள் குத்துமதிப்பாகப் புளுகுவார்கள். அவள் ஏட்டைப் படித்தவள். எந்தச் சொல்லுக்கு எந்தப் படி என்று தெரிந்து, கணக்காகப் புளுகினாள். அவன் எதையும் இரண்டாம் முறை கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்புக்குறி மேல்நோக்கி வந்தது. ஐந்து படி ஏற்றம். "சூப்பர் மேடம்" என்றான் அவன், மனசாரத்தான்.

அவன் போன பிறகு அரைமணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வெட்கமாகத்தான் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது என்பதை மறைப்பானேன்? அப்பாவை நினைத்ததும் சந்தோஷம் போய்விட்டது. அந்த மனுஷன் ஒரு நாள்கூட வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்தவரில்லை.

நான்கு மாதம் கழித்து அட்டவணை வந்தது. வரைவுதான், முப்பது நாள் கழித்துத்தான் உறுதியாகும். ஒன்பதாம் வார்டு, எடுத்த வீடுகள் நாற்பது. ஏறிய வீடுகள் இருபத்தொன்று.

அலுவலகத்தில் நின்றுகொண்டே அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். இருபது என்றால் சரிபாதி. பாதிக்கு மேல் இல்லை. வார்டு தேங்கிய வார்டாகவே இருக்கும். இருபத்தொன்று என்றால் முன்னேறிவிட்டது. அந்த இருபத்தொன்றில் ஐந்தாறு வீட்டின் ஏற்றம் சுத்தப் புரட்டு என்று அவளுக்குத் தெரியும், அவள்தானே எழுதினாள். ஆனால் அதெல்லாம் பிறத்தியார் பொய். தன் வீட்டுப் பொய் ஒன்று இல்லாமல் இருந்தால் போதுமே.

அந்த வாரமே கல்லூரியிலிருந்து மகளுக்குக் கடிதம் வந்தது. தங்கள் வார்டு முன்னேறிய வார்டாக வகைப்படுத்தப்பட்டுள்ளதால், வரைவு உறுதியாகும்பட்சத்தில், தங்களுக்கு ஒதுக்கீட்டில் இடம் இல்லை. மகள் அதை இரண்டு தரம் படித்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். அடைத்துக்கொண்ட சாக்கடை, சாய்ந்த மின்கம்பம், பஞ்சர் கடை.

"இதுல எதும்மா முன்னேறிச்சு?"

அவள் கடிதத்தை வாங்கி மடித்தாள்.

"நீ ஆபீஸ்ல கேட்டுப் பாரேன்மா. தப்பா எழுதியிருப்பாங்க. உனக்குத்தான் எல்லாரையும் தெரியுமே."

"கேக்கறேன்."

முதலில் அவள் போனது அலுவலகத்துக்கு இல்லை. தெருக்கோடிக் கட்டடத்தின் நாலாம் மாடிக்கு. அங்கே ஒரு அம்மாள் இருந்தாள். அவளுடைய மகன் ஒரு கிடங்கில் வாட்ச்மேன். கணக்கெடுப்பின்போது 'பாதுகாப்பு மேலாளர்' என்று சொல்லி எழுத வைத்திருந்தாள். பதில் சொன்னவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் முப்பது நாளுக்குள் பதிலைத் திருத்தலாம் என்று விதி இருக்கிறது. யார் திருத்தினால் என்ன, ஒன்று குறைந்தால் சரி.

"அக்கா, ஒரு சின்ன விஷயம். அன்னைக்குத் தம்பி வேலைய மேலாளர்னு எழுதினோம்ல. வாட்ச்மேன்னு திருத்திக் குடுத்தா, இந்த வார்டுப் பிள்ளைங்களுக்குக் காலேஜ்ல சீட்டு நிக்கும். என் பொண்ணுக்கும் கிடைக்கும்."

நாலாம் மாடி அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நல்லா இருக்கே கதை. அவனுக்கு இப்பத்தான் ரெண்டு இடத்துல பொண்ணு பாக்கறோம். இந்த நேரத்துல என் கையால வாட்ச்மேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமா?"

"யாருக்கும் தெரியாதுக்கா. வெளிய விடமாட்டாங்க."

"யாருக்கும் தெரியாதுன்னா, நீ உன் வீட்டுல மாத்திக்கோயேன். ஓ, நீ மாத்த முடியாது. நீ ஆபீஸ்காரி, உண்மையத்தான் சொல்லியிருப்பே."

அந்த அம்மாளுக்கு எதுவும் தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னாள். படிவ அக்கா மாடிப்படியில் இறங்கி வரும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பிறகுதான் அதிகாரியிடம் போனாள். கெட்ட மனிதர் இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் நாலு அதிகாரிகளைப் பார்த்திருக்கிறாள்; இவர் ஒருவர்தான் அவளை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுவார்.

"ஒரு வீட்டுல பதிலைத் திருத்தணும் சார்."

"எந்த வீடு?"

"எங்க வீடு."

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். ஒரு நிமிடம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"திருத்தப் படிவம் தர்றேன். அதுல காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. 'தெரிஞ்சே தவறாச் சொன்னேன்'னு எழுதணும். மத்தவங்க எழுதினா பிரச்சினை இல்ல. நம்ம ஆளு எழுதினா வேலைப் பட்டியல்லேர்ந்து பேரை எடுத்துடணும்னு விதி. அது உங்களுக்கே தெரியும்."

"தெரியும் சார்."

"இதையும் சொல்லிடறேன்." மேஜை மேல் இருந்த ஒரு கோப்பைத் தட்டினார். "பழைய ஆளுங்க ஏழு பேரை நிரந்தரம் பண்றதுக்குக் கோப்பு போயிட்டிருக்கு. முதல் பேரு உங்களோடது. மாசக் கடைசிக்குள்ள முடிஞ்சிடும். நீங்க என்கிட்ட எதுவும் சொல்லல. நானும் எதுவும் கேக்கல. படிவத்தை எடுத்துட்டுப் போங்க, யோசிங்க. இன்னும் பதினெட்டு நாள் இருக்கு."

படிவத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். பதினெட்டு நாளும் அது பையிலேயே இருந்தது. வீடு வீடாகப் போகும்போது, அட்டையை எடுக்கக் கை விடும்போதெல்லாம் விரலில் தட்டுப்பட்டது. ஒரு நாள் எழுதிவிட வேண்டியதுதான் என்று தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து பேனாவைக்கூட எடுத்தாள். 'காரணம்' என்ற கட்டம் வரை நிரப்பினாள். அங்கே பேனா நின்றுவிட்டது.

அவள் யோசித்த விதத்தையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவளுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். எழுதிக் கொடுத்தால் மகளுக்கு இடம் கிடைக்கும், ஆனால் இரண்டு வருடம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே? நாற்பத்தாறு வயதில், பொய் சொன்னாள் என்று துரத்தப்பட்டவளுக்கு யார் வேலை கொடுப்பார்கள்? எழுதாமல் விட்டால் வேலை நிரந்தரமாகும். அடுத்த வருடம் மகளைத் தனியார் கல்லூரியிலேயே சேர்த்துவிடலாம். ஒரு வருடம்தானே தள்ளிப்போகிறது. இப்படி நியாயம் மேல் நியாயமாக அடுக்கிக்கொண்டே போனாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. அந்த நியாயங்களுக்கெல்லாம் அடியில் இன்னொன்றும் இருந்தது. இருபத்திரண்டு வருட ஆசை. சாவதற்குள் ஒரு தடவையாவது, கடைசி வரி இல்லாத ஒரு ஆணையைக் கையில் வாங்க வேண்டும். அந்தப் பையனிடம் சொன்ன பொய்யை மெய்யாக்கிவிட்டால் அது பொய்யே இல்லையே என்றுகூட நினைத்தாள். மனசு சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

முப்பதாவது நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள். மகள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா சொன்னாங்க?"

"எவ்வளவோ கேட்டுப் பார்த்தேன். முடியவே முடியாதுன்னுட்டாங்க."

மகள் அழவில்லை. பையை அவள் தோளிலிருந்து வாங்கி ஆணியில் மாட்டினாள். படிவம் அதற்குள்தான் இருந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"விடும்மா. நீ என்ன பண்ணுவே? உங்க ஆபீஸ்ல போய் இல்லாததையா சொல்ல முடியும்?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

மாசக் கடைசி போய் இன்னொரு மாசக் கடைசியும் போயிற்று. கோப்பு ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது. இனிமேல் கணக்கெடுப்பைத் தொலைபேசியிலேயே நடத்தலாம் என்றிருக்கும்போது, வீடு வீடாக நடக்கிறவர்களை எதற்கு நிரந்தரமாக்க வேண்டும்? கேட்டவன் புத்திசாலி, பதில் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. ஏழு பேருக்கும் அடுத்த ஆணை வரவில்லை; அவளுக்கு அது இருபத்து மூன்றாவது. அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

"என்னால முடிஞ்சது ஒண்ணு இருக்கு. போன் சென்டருக்குச் சின்ன வயசு ஆளுங்க எடுக்கறாங்க. உங்க பொண்ணை அனுப்புங்க. நான் சொல்லி வைக்கறேன்."

"என்ன வேலை சார்?"

"கேள்வி கேக்கறதுதான். நீங்க செஞ்சதுதான். இப்போதைக்குப் பதினோரு மாச ஆர்டர்."

சரி என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அடுப்பு எரிய வேண்டும். எலும்புகளின் பெயர் எழுதிய நோட்டை மகள் பழைய பேப்பரோடு சேர்த்துக் கட்டி வைத்தாள். திங்கட்கிழமை காலையில் தலையை வாரிக்கொண்டு, அம்மாவின் துணிப்பையை மாட்டிக்கொண்டு, பயிற்சிக்குப் போனாள். பையிலிருந்த படிவத்தை அம்மா என்றைக்கோ கிழித்து அடுப்பில் போட்டிருந்தாள்.

முதல் நாள் சிரித்துக்கொண்டே வந்தாள். கேட்கிற தொனி, சலிக்காத குரல், இதெல்லாம் சொல்லிக் கொடுத்தார்களாம். அம்மாவின் பெயர் சொன்னதும் பழைய ஆட்கள் எழுந்து வந்து விசாரித்தார்களாம். இரண்டாம் நாள் வந்தபோது சிரிப்பு இல்லை. செருப்பைக் கழற்றினாள்; கை கால் கழுவினாள்; அம்மா கொடுத்த தேநீரை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு மாதிரிப் படிவம் ஒண்ணு குடுத்தாங்கம்மா. தப்பே இல்லாம நிரப்பின படிவமாம். பதில்னா இப்படி இருக்கணும்னு எல்லாருக்கும் நகல் எடுத்துக் குடுத்தாங்க."

"சரி."

"பேரையும் கதவு நம்பரையும் மட்டும் அடிச்சிருந்தாங்க. ஒன்பதாம் வார்டு. வீட்டுல ரெண்டே பேரு. நாப்பத்தாறு வயசு அம்மா, பதினெட்டு வயசுப் பொண்ணு. வீட்டுக்காரர் ஆறு மாசமாத் தங்கல, அதனால உறுப்பினர் இல்ல."

டம்ளர் கழுவிக்கொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை. குழாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த அம்மாவோட அப்பா தினக்கூலின்னு போட்டிருந்துச்சு." மகளின் குரல் உயரவில்லை. "பம்பு ஹவுஸ் தாத்தாவைக் கூலின்னா சொன்னே?"

"ஏதோ புத்தி கெட்டுப் போய்ச் சொல்லிட்டேன்டி."

"அதுகூடப் பரவால்லம்மா. யாரா இருந்தாலும் சொல்லியிருப்பாங்க." டம்ளரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். "அடுத்த பாடமும் இன்னைக்கே நடத்தினாங்க. தப்பா பதில் சொன்னவங்க திருத்திக் குடுக்க முப்பது நாள் உண்டாமே. அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எட்டாயிரம் வீட்டு வாசலில் நின்று, இன்னொருத்தர் பொய்யைக் கேட்டுக் கேட்டு, அது எப்படி வரும் என்று அறிந்தவள்தான். அதைச் சொல்லவில்லை.

"தெரியும்" என்றாள்.

மகள் தலையை ஆட்டினாள். மறுநாள் அவளுக்குப் பரீட்சை இருந்தது. ஆறிப்போன தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டிச் சுவரோரமாக உட்கார்ந்து, பச்சை ஏட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.